'உம்' கொட்டத் தெரியாமல் கீழக்கரைக்குப் போனேன்

இலங்கையில் நான் படிப்பிக்கும் மலையூரில் இந்தியக் கரையிலுள்ள கீழக்கரையைச் சேர்ந்த மரைக்காயர் ஒருவர் துணிக்கடை வைத்திருக்கிறார். பள்ளி விடுமுறைக்கு முன்பு ஒரு நாள் துணியை மடித்தபடியே அவர் என்னிடம் கேட்டார்: "டீச்சர், எங்க ஊர்ல எம் புள்ளைக்கும் தெருவுப் புள்ளைகளுக்கும் பாடம் சொல்லிக் குடுக்க வாரீகளா?"

அவருடைய மகள் ஜொஹரா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பெரியவளான பெண் தெருவில் இறங்கிப் போவது அங்கே வழக்கமில்லை. ஆகவே பாடம் வீட்டைத் தேடிப் போக வேண்டும். வீட்டுக்குள்ளேயே வகுப்பு, நான் தங்குவதற்கு மாடியில் ஓர் அறை. ஆனால் முடிவு சொல்ல வேண்டியவர் ஊரில் இருக்கும் அவருடைய அண்ணன். "நேர்ல போய்ப் பேசுங்க. ஆளோட பேச்சக் கேட்டுத்தான் அவுக எதையும் முடிவு பண்ணுவாக" என்றார்.

போகிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். இந்தியாவிலிருந்து வந்த எங்கள் தோட்டத்து மக்களில் யாருக்குக் குடியுரிமை உண்டு, யாருக்கு இல்லை என்று இலங்கைச் சட்டம் பிரித்துக்கொண்டிருந்தது. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் என் அப்பா, "நம்மள ஒரு நாளைக்குக் கப்பலேத்திட்டா அங்க யாரு வீட்டுக் கதவத் தட்டுறது?" என்று அடிக்கடி கேட்பார். மகள் இருக்கும் ஓர் அறை அந்தக் கரையில் இருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கற்ற முதல் ஆள் நான். அந்த எழுத்தைக் கொண்டே அந்தப் பதிலையும் வாங்கித் தருவேன் என்று நினைத்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கடைக்காரரின் உறவினர்களான ஒரு கணவனும் மனைவியும் இராமநாதபுரம் வரை எனக்குத் துணை வந்தார்கள். கப்பலில் மூவருக்குமே தலைசுற்றல். தனுஷ்கோடியில் கால் வைத்ததும் சுங்க அதிகாரி என் பையிலிருந்த பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"இதென்ன?"

"தேயிலை."

"தேயிலைதான?"

"ஆமாம்."

"தேயிலைன்னா சரி, தேயிலைன்னா போங்க."

ஒரே சொல்லைப் பந்து போல எனக்கும் தனக்குமாகத் தட்டி விளையாடிவிட்டு அனுப்பினார். எங்கள் ஊர் அதிகாரிகள் ஒரு கேள்வி கேட்பார்கள், பதிலுக்குக் காத்திருப்பார்கள், எழுதிக்கொள்வார்கள். எனக்கு அதுதான் ஒழுங்கு என்று பட்டது.

பாம்பனில் ரயில் நின்றுவிட்டது. காற்று பலமாக வீசினால் பாலத்தின் மேல் வண்டியை விட மாட்டார்களாம். ஜன்னல் வழியாகக் கடல் இரண்டு பக்கமும் இரண்டு நிறமாகத் தெரிந்தது. எதிர்ச் சீட்டில் இருந்தவர் வெளியே போன ரயில்வே ஆளைக் கூப்பிட்டார்.

"அய்யா, வண்டி எப்பக் கெளம்பும்?"

"காத்து நின்னா."

"காத்து எப்ப நிக்கும்?"

"வண்டி கெளம்பினா."

பெட்டி முழுவதும் சிரித்தது. அதற்குள் பொரித்த மீன் கூடையோடு ஒரு பெண் ஏறினாள். துணைக்கு வந்த அம்மாள் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"இது இன்னக்கிப் பொரிச்சதா, நேத்தா—"

"நேத்துப் பிடிச்சது, இன்னக்கிப் பொரிச்சது—"

"அப்ப நேத்து மீனுதான—"

"நீங்க மட்டும் இன்னக்கித்தான் பொறந்தீகளாக்கும்!"

இருவரில் யாரும் ஒரு வாக்கியத்தையும் முடிக்கவில்லை. ஒருத்தி பேச்சின் வாலை இன்னொருத்தி மிதித்துக்கொண்டே போனாள். ஆனாலும் எல்லாம் இருவருக்கும் காதில் விழுந்திருந்தது. மீன் கைமாறியது, சிரித்துக்கொண்டே பிரிந்தார்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு மலைச் சரிவிலிருந்து எதிர்ச் சரிவில் கொழுந்து பறிப்பவளைக் கூப்பிட்டால், குரல் போய்ச் சேர்ந்து பதில் திரும்பி வரும்வரை நிற்க வேண்டும். நடுவில் மறுபடி கத்தினால் இரண்டு குரலும் பள்ளத்தில் மோதி ஒன்றும் விளங்காது. நாங்கள் இடைவெளி விட்டுப் பேசிப் பழகியவர்கள். இந்தக் கரையில் இடைவெளி விட்டால் காற்று வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மீன் அருமையாக இருந்தது. தேநீரைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். தண்ணீரில் உப்பு, தூளில் மரப்பட்டை. நாங்கள் பறித்த கொழுந்துக்கு இந்தக் கதியா என்று பாதியில் வைத்துவிட்டேன்.

மறுநாள் இராமநாதபுரத்தில் என்னைக் கீழக்கரை பஸ்ஸில் ஏற்றிவிட்டு அந்த இருவரும் விடைபெற்றார்கள். திருப்புல்லாணியைத் தாண்டியதும் பஸ் மணலில் சிக்கியது. காற்று சாலையின் மேல் மணலை மெத்தையாக விரித்து வைத்திருந்தது.

"எறங்குங்கப்பா, எறங்குங்க! பொம்பளையாளுக இருக்கலாம்" என்றார் கண்டக்டர்.

எனக்கு அந்தச் சலுகை வேண்டாம் என்று நான் இறங்கினேன். கண்டக்டர் "போடு!" என்று குரல் கொடுத்தார். எல்லோரும் "ஏலேய்!" என்று தள்ளினார்கள். நான் வாய் திறக்காமல் முழு பலத்தையும் கொடுத்துத் தள்ளிக்கொண்டே இருந்தேன். அவர்கள் மூச்சு வாங்கும் நேரத்தில் நான் மட்டும் தள்ளினேன். அவர்கள் தள்ளிய நேரத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. பஸ் திடீரென்று முன்னால் துள்ளியபோது நான் மணலில் கையூன்றி விழுந்தேன்.

"சத்தம் போட்டுத் தள்ளணும்மா" என்றார் பக்கத்தில் இருந்தவர், மணலைத் தட்டிக்கொண்டே. "வாயி சும்மா இருந்தா கைக்கு நேரம் எப்படித் தெரியும்?"

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "படிச்ச புள்ள போல. மனசுக்குள்ளேயே சத்தம் போடுது."

எனக்குக் கோபம் வந்தது. கீழக்கரை வரும்வரை யாரோடும் பேசவில்லை.

கடைக்காரரின் வீடு உயர்ந்த மதில்களுக்கு நடுவே ஓடும் ஒரு சந்தில் இருந்தது. அவருடைய மனைவி ஆமினா என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். அவரை நான் லாத்தா என்றே கூப்பிட்டேன். அக்காவுக்கு அங்கே அதுதான் சொல். ஒரு தட்டில் தொதல் வந்தது. தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய கறுப்பு இனிப்பு. எங்கள் ஊரில் மலாய்க்காரர் வீட்டிலிருந்து பெருநாளுக்கு வரும் அதே தொதல், அதே பெயரோடு, கடலைத் தாண்டி என்னை எதிர்கொண்டது. கொஞ்சம் தைரியம் வந்தது.

ஜொஹரா தூணுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்புப் புத்தகம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். அருகில் வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஆறாம் வகுப்புப் புத்தகத்துல மொதப் பாடம் என்னா டீச்சர்?" எங்கள் புத்தகம் வேறு, இந்த நாட்டுப் புத்தகம் வேறு என்று விளக்கினேன். "ஏதாச்சும் ஒண்ணச் சொல்லுங்களேன்" என்றாள். சொன்னேன். கண்ணைக் கொட்டாமல் கேட்டாள்.

மாலை அஸர் தொழுகைக்கு முன்பு கடைக்காரரின் அண்ணனான பெரியவர் வந்தார். அவருடைய தம்பி மனைவி எதிரில் வரக் கூடாது என்பதால், முன்கூடத்துக்கும் உள்கூடத்துக்கும் நடுவே கனமான பச்சைத் திரை தொங்கியது. அவர் அந்தப் பக்கம் நாற்காலியில் அமர்ந்தார். பெண்களோடு நானும் இந்தப் பக்கம் பாயில் அமர்ந்தேன். திரை தரையைத் தொடவில்லை. அவருடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"கடல் எப்படி டீச்சரம்மா?"

"அலை கொஞ்சம் இருந்தது."

"தம்பி சொகமா இருக்கா?"

"நல்ல சுகம்."

கேள்விகள் முடிந்து அவரே பேசத் தொடங்கினார். ஆழமான, நிதானமான குரல்.

"எங்க வீட்டுப் புள்ளைக குர்ஆன் ஓதத் தெரிஞ்சதுக."

நிறுத்தினார். நான் தலையசைத்தேன்.

"அரபு எழுத்துல எழுதுற அரபுத் தமிழும் வாசிப்பாக."

நிறுத்தினார். தலையசைத்தேன்.

"காலம் மாறுது, இன்னும் கொஞ்சம் தெரியட்டும்னு தம்பி ஆசப்படுது."

இன்னும் நீளமாக நிறுத்தினார். நான் பலமாகவே தலையசைத்தேன். எவ்வளவு யோசித்து, சொல்லைத் தேர்ந்து பேசுகிறார் என்று எனக்கு மரியாதை கூடியது. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் வாய் திறக்கக் கூடாது என்பது என் பள்ளியில் எனக்குக் கிடைத்த முதல் பாடம். அதற்கு முன்பு எனக்குத் தெரிந்த பேச்சு வேறு. விடிகாலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி அன்றைய வேலையைச் சொல்லச் சொல்ல, வரிசையில் நிற்கும் எங்கள் ஆட்கள் 'உம்', 'உம்' என்பார்கள். அப்பாவின் குரல் அதில் தனியாகக் கேட்கும். வெள்ளைச் சீருடை போட்டுக்கொண்ட நாளில், அந்த ஓசை இனி என் வாயில் வராது என்று தீர்மானித்தேன். அதன்படியே நடந்தும் வந்தேன்.

திரைக்கு அந்தப் பக்கம் ஓர் இருமல் கேட்டது.

"சரி. டீச்சரம்மாவுக்குப் பிரியம் இல்ல போலருக்கு. வற்புறுத்தக் கூடாது. சாப்பிட வச்சு மரியாதையா அனுப்புங்க."

பாதங்கள் எழுந்தன. செருப்பைத் தேடி நுழைத்துக்கொண்டு போயே போய்விட்டன.

நான் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். ஆமினா லாத்தா என்னைப் பார்த்த பார்வையில் தீப்பொறி இருந்தது.

"ஏம்புள்ள, வாயில தொதலையா அடக்கி வச்சிருந்த?"

அதுவரை என்னை 'நீங்க' என்றவர் அப்போதுதான் 'நீ'க்கு வந்தார்.

"அவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன், லாத்தா."

"நீ உம் கொட்டுனாத்தானே அவுக பேசி முடிப்பாக! கெணத்துல கல்லப் போட்டாக்கூடச் சத்தம் வரும்."

"நான் தலையாட்டினேனே!"

ஜொஹராவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "திரைக்கு அங்கிட்டு இருக்கவுகளுக்கு உங்க தலை எப்படித் தெரியும் டீச்சர்?"

"அப்படியானால் நானே போய் எனக்குச் சம்மதம் என்று சொல்லிவிடுகிறேன்."

"நல்லாருக்கு போ. வேணாம்னு சொன்னவ பின்னாடியே ஓடிப்போயி வேணும்னா, அது என்ன மரியாத?"

"நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லையே!"

"சொன்னியே. அவுக நிறுத்துன எடத்துலயெல்லாம் சொன்ன."

இடியாப்பமும் மீன் ஆணமும் வைத்தார்கள். ஆணம் என்பது குழம்பு. புளியும் தேங்காயும் சேர்ந்த அந்தக் குழம்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம். ஆனால் அன்று எனக்கு ருசி தெரியவில்லை. ஜொஹரா பரிமாறிக்கொண்டே தணிந்த குரலில், "அப்ப வகுப்பு இல்லையா டீச்சர்?" என்று கேட்டாள். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததும் ஒரு பதிலாகத்தான் அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

மறுநாள் காலையில் லாத்தாவின் கோபம் ஆறியிருந்தது. "ஏர்வாடி தர்காவுக்கு வாறியா? துஆ கேட்டுட்டு வருவோம். அழுது வடிஞ்சுக்கிட்டு இங்கன உக்காந்திருக்காத" என்றார். திரை கட்டிய மாட்டு வண்டியில் லாத்தாவும் ஜொஹராவும் நானும் போனோம். வழியெல்லாம் அவர்கள் பேசிக்கொண்டே வந்தார்கள். தாய் ஒரு வார்த்தை, மகள் ஓர் 'உம்'. நான் முதன்முறையாக அதை எண்ணெய்ச் செக்கைப் பார்ப்பது போலக் கூர்ந்து பார்த்தேன். மகள் 'உம்' போடத் தவறினால் தாயின் பேச்சு அரைச் சுற்றில் நின்றது.

ஏர்வாடி தர்காவில் எல்லாச் சாதி மதத்தாரும் இருந்தார்கள். மனம் கலங்கியவர்களை அழைத்துவந்து தங்கியிருந்த குடும்பங்களும் பல. லாத்தாவும் ஜொஹராவும் உள்ளே போனபோது நான் வெளியே ஒரு வேப்ப மர நிழலில் உட்கார்ந்தேன். பக்கத்தில் முதுகுளத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்து அம்மாள் ஒருத்தி, மடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுடைய மகன், என் வயதுக்காரன், சுவரில் சாய்ந்து பேசிக்கொண்டே இருந்தான். நிறுத்தாத பேச்சு. அவன் மூச்சு விடும் இடங்களில் அவள் கீரையிலிருந்து கண்ணெடுக்காமல் 'உம்' என்றாள்.

"காள ரெண்டும் வேலியத் தாண்டிப் போச்சு."

"உம்."

"அந்தப் பக்கம் தண்ணி நிக்கிது."

"உம்."

அந்த 'உம்' வரும்வரை அவன் முகம் இறுகியிருக்கும். வந்ததும் தளரும். அடுத்த வாக்கியத்துக்குப் போவான். கீரை ஆய்ந்து முடிந்ததும் அந்த அம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் திரும்பினாள்.

"தாயி, செத்த நேரம் இவனுக்கு உம் கொட்டு. நான் தண்ணி பிடிச்சாந்துர்றேன்."

ஒரு குழந்தையைப் பிடித்துக்கொள்ளச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு என் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

அவன் பேசினான். நான் 'உம்' என்றேன். பாதிச் சொல்லில் விழுந்துவிட்டது. அவன் நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து தொடங்கினான். இந்த முறை தாமதித்துவிட்டேன். "தண்ணிக்குள்ள வானம் நிக்கிது… நிக்கிது… நிக்கிது…" கடைசிச் சொல்லிலேயே அவன் மாட்டிக்கொண்டான். எனக்கு வியர்த்தது. வேலியும் காளையும் தண்ணீரும் என்ன கதை என்று யோசிப்பதை விட்டேன். அவன் மூச்சை மட்டும் பார்த்தேன். குரல் ஏறி, சமமாக ஓடி, ஓர் இடத்தில் படியிறங்கியது. அந்தப் படியில் 'உம்' வைத்தேன். அவன் தோள் தளர்ந்தது. அடுத்ததும் சரியாக விழுந்தது. அதற்கடுத்ததும்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த அம்மாள் குடத்தோடு வந்து, உட்கார்ந்து, நான் விட்ட இடத்திலிருந்து தன் 'உம்'மைத் தொடர்ந்தாள். அவன் கவனித்ததாகவே தெரியவில்லை. "எத்தனை நாளாக இப்படி?" என்று நான் கேட்டேன். "மழைக்கு முன்னால இருந்தே. யாராச்சும் கேக்குறாகன்னு தெரிஞ்சா அமைதியா இருக்கான். அம்புட்டுத்தேன்" என்றாள். அவன் சொன்ன எதற்கும் அவள் சம்மதம் சொல்லவில்லை. 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வண்டியில் எனக்கு அப்பாவின் குரல் காதில் ஒலித்தது. களத்தில் கங்காணிக்கு அவர் போடும் 'உம்' குட்டையானது, உதட்டோடு நிற்பது. மாலையில் அம்மா அடுப்பங்கரையிலிருந்து பேசும்போது போடுவது நீளமானது, நெஞ்சிலிருந்து வருவது. நான் இரண்டையும் ஒன்றாகக் கட்டி எறிந்திருந்தேன். யோசித்துக்கொண்டே வந்தவள், லாத்தா சொல்லிக்கொண்டிருந்த யாரோ ஒரு நாத்தனார் கதைக்கு 'உம்' போட்டிருக்கிறேன்.

லாத்தா பேச்சை நிறுத்தினார். "யாரு உம் கொட்டுறது? டீச்சரா? அல்லாஹ், துஆவுக்கு இம்புட்டுச் சீக்கிரமா பலன்!"

ஜொஹரா வண்டி குலுங்கச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

லாத்தாதான் வழி கண்டுபிடித்தார். "திரும்பப் போய்க் கேக்கக் கூடாது. ஆனா ஊருக்குப் போறவ சொல்லிட்டுப் போகலாம்ல? வழியனுப்புற பேச்ச யாரும் வெட்ட மாட்டாக. அது நீளும். நீ நீளவிடு." நான் புறப்பட வேண்டிய நாளின் காலையில் ஜொஹராவே கொல்லைக் கதவு வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பெரியவரிடம் சொல்லிவிட்டு வந்தாள். அவர் அவளுக்குப் பெரியவாப்பா, அதாவது பெரியப்பா என்பதால் அவள் அவர் முன்னால் போகலாம். ஆனால் தன் படிப்பைப் பற்றி அவரிடம் பேசும் துணிவு அவளுக்கு வந்ததில்லை.

பெரியவர் வந்து அமர்ந்தார். திரையின் கீழே அதே பாதங்கள்.

"பயணமா?"

"ஆமாங்க. சொல்லிட்டுப் போகலாம்னு."

"நல்லது. இன்னக்கிக் காத்துக் கம்மிதான். கப்பல் ஆடாது."

"உம்" என்றேன். அதிகச் சத்தமாக வந்துவிட்டது. பக்கத்தில் ஜொஹரா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அந்தப் பக்கம் கால் பெருவிரல் மெல்ல உயர்ந்து தாழ்ந்தது.

"நானும் வாலிபத்துல அந்த மலையில கடை வச்சிருந்தேன்."

"உம்."

"மழ விடாது. துணியெல்லாம் பூசணம் பூத்துரும்."

"உம்."

"ஆனா சனங்க நல்ல சனங்க. கொழுந்துக் கூடையோட வந்து வாசல்ல நின்னு, உள்ள வரக் கூச்சப்படுவாக."

இந்த 'உம்' என் நெஞ்சிலிருந்து வந்தது. அந்தக் கூச்சத்தோடு வாசலில் நின்றவர்களில் என் அம்மாவும் இருந்திருக்கலாம். அவர் பேச்சு நீண்டது. மழை, அட்டை, பனி, பாதையில் புரண்ட லாரி. ஒவ்வொன்றும் படியிறங்கும் இடம் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கட்டத்தில் அவரே கேட்டார்:

"முந்தாநாள் டீச்சரம்மாவுக்கு மனசில்லைன்னு நெனச்சேன்."

"மனசு இருந்திச்சுங்க. வாயத்தான் திறக்கல."

திரைக்கு அந்தப் பக்கம் அவர் சிரித்த சத்தம் கேட்டது. லாத்தா என் முழங்காலைத் தட்டினார். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வகுப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

"மத்தியானம் லுஹருக்குப் பெறகு அஸர் வரைக்கும் வச்சுக்கலாம்."

"உம்."

"நம்ம தெருவுப் புள்ளைக மட்டும்."

"உம்."

"மாடியில தங்கிக்கிறலாம். நாளைக்கு அம்மா அப்பா வந்தாலும் எடம் இருக்கு."

"உம்" என்றேன். கதவு திறந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"வாசிக்கச் சொல்லிக் குடுங்க. எம்புட்டு வேணும்னாலும் வாசிக்கட்டும். எழுத்து மட்டும் வேணாம். சின்னப் புள்ளையில எழுதினது வேற."

அவர் குரல் படியிறங்கியது. நான் 'உம்' வைக்க வேண்டிய இடம் வந்தது. நான் வைக்கவில்லை.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் என் தாய்மாமாவும் இதைத்தான் சொன்னார். "பொட்டப்புள்ள எழுதப் படிச்சா யாருக்குக் காயிதம் எழுதப் போறா?" மலையில் கேட்ட அதே பயம் இங்கே கடலோரத்தில், மரியாதையான குரலில், திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. நான் கற்றது எழுதிக் கற்றது. கையால் எழுதாத எழுத்து கடன் வாங்கிய நகை போன்றது என்பது என் எண்ணம். இதையெல்லாம் அவரிடம் நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது வாதம். வழியனுப்ப வந்தவரோடு வாதம் செய்தால் பேச்சு அங்கேயே அறுந்துவிடும். பேசாமல் இருந்தால் பேச்சு நிற்கும், அறுந்துபோகாது.

லாத்தா என் தொடையைக் கிள்ளினார். நான் அசையவில்லை. மாடி அறையும், அதில் அப்பா பாயை விரிப்பதும் கண் முன்னால் வந்து நின்றன. தெருவில் ஓர் ஆடு கத்தியது. முந்தாநாள் இதே இடத்தில் இதே மாதிரிதான் நான் பேசாமல் இருந்தேன். அன்று அது எனக்குத் தெரியாமல் விழுந்த மௌனம். இன்று அதை நானே எடுத்து வைத்தேன். இத்தனை 'உம்'களுக்குப் பிறகு வந்ததால் அது அந்தப் பக்கம் நன்றாகவே கேட்டிருக்கும்.

"வாசிப்புப் போதும்ல டீச்சரம்மா?" கேள்வியாகவே கேட்டார்.

நான் பேசவில்லை.

"ஊரு ஒரு மாதிரிப் பேசும்."

பேசவில்லை.

பெருவிரல் உயர்ந்தது, இறங்கவில்லை. "அவ வாப்பாவுக்குக் கடுதாசி எழுதலாம்" என்றார், சற்றுப் பொறுத்து. "அது வரைக்கும் சரி."

அது பாதிப் படி. என் நாக்கு நுனிவரை 'உம்' வந்துவிட்டது. விழுங்கினேன். லாத்தா கிள்ளுவதை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்துவிட்டார் என்றே நினைத்தேன். பாதங்கள் பின்னால் நகர்ந்தன. பிறகு மறுபடி முன்னால் வந்து, தரையில் அகலமாக ஊன்றிக்கொண்டன.

ஒரு பெருமூச்சு.

"சரி. எழுதட்டும்."

நான் வாயைத் திறப்பதற்குள் ஓர் 'உம்' கேட்டது. அது என்னுடையது அல்ல. லாத்தாவினுடையதும் அல்ல. மெல்லியது, ஆனால் மிகச் சரியான இடத்தில் விழுந்தது. ஜொஹரா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தாமதமாக நானும் 'உம்' என்றேன்.

யாரது என்று பெரியவர் கேட்கவில்லை. பிறகு எந்த மாதம் தொடங்கலாம், எந்தெந்த வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள், பலகையும் எழுதுகோலும் யார் வாங்கி வருவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் முன்பைவிடச் சற்று அதிக நேரம் நிறுத்தினார். இரண்டு 'உம்'களுக்கு இடம் விட்டார்.